ஆடியில் குடிவந்தவர்கள்

ஆடி மாதத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள். இது வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கும் தெரியும், அவருடைய முடிச்சூர் வீட்டைப் போன தையில் காலி செய்துவிட்டுப் போன லோகநாயகிக்கும் தெரியும்.

“தரமாட்டேன்னா சொன்னேன் மாமி? புதுசா ஒரு குடித்தனம் வரட்டும். அவங்க குடுக்கிற அட்வான்ஸ அப்டியே வாங்கி உன் கைல குட்த்துர்றேன். நீ குடுத்ததும் உனுக்கு முன்னாடி கீந்தவங்களுக்குத்தான போச்சு? நான் இன்னா, முழுங்கிட்டா உக்காந்துகினு கீறேன்?”

அவர் முழுங்கவில்லைதான். முனிரத்தினத்தைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தை மனை மனையாக விற்று, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து, மிச்சத்தில் வரிசையாக நாலு வீடு கட்டிய மனுஷர். முதல் குடித்தனம் கொடுத்த அட்வான்ஸ் அன்றைக்கே சிமெண்டாகிச் சுவருக்குள் போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம், ஒருவர் போகும்போது இன்னொருவர் கொடுத்து, தங்களுக்குள்ளேயேதான் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கை நீட்டுபவருக்குப் பெயர் வீட்டுக்காரர்.

“அவருக்குக் கண்ணு போயிண்டிருக்கு,” என்றாள் லோகநாயகி. “இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும்கறார் டாக்டர். ஆவணி வரைக்கும் தாங்காது.”

“கேக்கவே பேஜாரா கீது மாமி. ஆனா ஆடில எவன் வருவான், சொல்லு?”

அவள் கணவர் தோத்தாத்ரியின் இடது கண்ணைச் சின்ன வயதிலேயே அம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டுதான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதினார், அவளையும் காப்பாற்றினார். அந்தக் கண்ணிலும் போன வாரம் ஓரத்திலிருந்து கறுப்பாக ஏதோ இறங்க ஆரம்பித்திருந்தது. உள்ளே இருக்கும் திரை கழன்று வருகிறது, தலையை ஆட்டாமல் படுத்திருங்கள், சீக்கிரம் பணத்தைக் கட்டுங்கள் என்று எழும்பூரில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். குரோம்பேட்டையில் இப்போதிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்காக வளையல்கள் ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருந்தன. கம்பெனியில் கடன் வாங்கித் தீர்ந்தாயிற்று. தம்பி கையை விரித்துவிட்டான். மிஞ்சியது முனிரத்தினத்திடம் இருக்கும் ஏழாயிரம் ரூபாய் ஒன்றுதான்.

முடிச்சூர் வீட்டுக்குத் தையிலிருந்து ஆனி வரை ஆள் வராமலில்லை. வந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். முழங்கால் உயரத்தில், கூடம், அறை, சமையலறை என்று நாலு பக்கமும் செம்மண் நிறத்தில் கோடு போட்டமாதிரி ஒரு கறை. போன ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணீர் உள்ளே வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போன அடையாளம் அது. பார்த்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

தாம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதுகொண்டுதான் வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெரிசலில் நின்றபோது ஜன்னலோரம் ஒரு கார் ஊர்ந்தது. பூவால் அலங்கரித்த கார். உள்ளே வெள்ளைப் புடவையில் முக்காடு போட்ட மணப்பெண். ஆடியில் என்ன கல்யாணம் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடி பார்க்காத ஜனங்களும் இருக்கிறார்களே!

மறுநாள் காலையில் முனிரத்தினத்திடம் போய்ச் சாவியைக் கேட்டாள். வெள்ளையடித்துத் தரச் சொன்னதற்கு, வாடகையே வராத வீட்டுக்கு எவன் செலவு பண்ணுவான் என்று சிரித்தார். அவளே சுண்ணாம்பு வாங்கினாள். அவளே நீற்றினாள், நீலம் கலந்தாள், வெள்ளையடிக்கும் மட்டையை எடுத்து அடித்தாள். வாழ்க்கையில் கோலமாவு தவிர வெள்ளையாக எதையும் தொட்டுப் பழக்கமில்லாத கை. முதல் பூச்சில் கறை சிரித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதில் மங்கியது. சாயங்காலம் மூன்றாவது பூச்சு அடித்து முடித்தபோது சுவர் பால்போல இருந்தது, அவள் உள்ளங்கை இரண்டும் வெந்து உரிந்திருந்தன. எரிச்சலில் தூக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் தூங்கியிருக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆடிப்பூரம். வருஷா வருஷம் அன்றைக்குப் பெருமாள் கோயிலைவிட்டு நகராதவள், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் வாசலில் நின்றாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களிடம் கீரை விற்பவளைப்போல ஒவ்வொருவராகக் கேட்டாள்: “வீடு வேணுமா? முடிச்சூர்ல நல்ல வீடு, தனிக் கிணறு, கக்கூஸ் தனி.” சிலர் பயந்துபோய் விலகினார்கள். ஒரு பெரியவர் சில்லறை எடுத்து நீட்டினார். அவமானத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் நின்றாள்.

“தனிக் கக்கூஸா ஆன்ட்டி?” என்று ஒரு பெண் நின்றாள்.

ஹில்டா என்று பெயர். ஆறு மாதமாவது இருக்கும் வயிறு. கணவன் ஏசுதாசன் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். இருக்கும் வீட்டில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ், இந்த வயிற்றை வைத்துக்கொண்டு காலையில் வரிசையில் நிற்க முடியவில்லை என்றாள். அன்று மத்தியானமே வந்து வீட்டைப் பார்த்தார்கள். ஹில்டா கிணற்றில் வாளி போட்டு இழுத்து, தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து, நல்லாயிருக்கு என்றாள். ஏசுதாசன் முனிரத்தினத்திடம் வாடகையைப் பேசிக்கொண்டிருந்தான்.

“மழைக்காலத்துல உள்ள தண்ணி வருமா ஆன்ட்டி? நீங்க குடியிருந்தவங்க, உங்களுக்குத்தான் தெரியும்.”

எப்படியும் கேட்பாள் என்று லோகநாயகிக்குத் தெரியும். பதிலும் தயாராகத்தான் இருந்தது.

“வாசல் வரைக்கும் வரும். உள்ள வராது.”

அன்று ராத்திரி தலையை அசைக்காமல் படுத்தபடியே தோத்தாத்ரி கேட்டார்.

“தண்ணி விஷயத்தை அவாகிட்டச் சொல்லிட்டியோ?”

“சொல்லிட்டேன்னா.”

“நல்ல மனுஷாளா இருக்காளே. சொல்லியும் வர்றாளே.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போய், வெந்த கைகளைக் குடத்துத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சினார்கள். செவ்வாயும் பார்க்காத ஜனங்கள். ஏசுதாசன் ஒரு கவரை எடுத்து முனிரத்தினத்திடம் கொடுத்தான். முனிரத்தினம் அதைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே திரும்பி லோகநாயகியிடம் நீட்டினார்.

“இந்தா மாமி. சொன்ன சொல்ல காப்பாத்திட்டேன். போய் ஐயரு கண்ண பாரு.”

ஏழு மாதமாக நாயாய் அலைந்த பணம் இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? பையின் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதே கிளம்பியிருக்கவேண்டும். மத்தியானத்துக்குள் கட்டினால் நாளைக்கே ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ஹில்டா கையைப் பிடித்து, ஜெபம் பண்ணிட்டுப் போலாம் ஆன்ட்டி என்றாள்.

ஏசுதாசன் கண்ணை மூடினான். “ஆண்டவரே, அலைஞ்சு திரிஞ்ச எங்களுக்கு இந்த வீட்டைக் காட்டினீரே, ஸ்தோத்திரம். வாசல்ல வந்து நின்னு எங்களைக் கூப்பிட்ட இந்த அம்மாவை ஆசீர்வதியும். இவங்க வீட்டுக்காரர் கண்ணை நீரே தொடும்.”

லோகநாயகி கண்ணை மூடவில்லை. மூடினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது.

ஆண்கள் இருவரும் வண்டியிலிருந்து சாமான் இறக்க வெளியே போனார்கள். ஹில்டா அவளுக்குப் பாலைக் கொடுத்துவிட்டு அறையின் மூலையைக் காட்டினாள்.

“இந்த இடம்தான் ஆன்ட்டி காத்தா இருக்கு. கட்டில் இல்லாட்டி என்ன, பாயை விரிச்சுப் பாப்பாவைப் பக்கத்துல போட்டுக்குவேன். அக்டோபர் கடைசின்னு சொல்லியிருக்காங்க.”

அக்டோபர் கடைசி. நல்ல ஐப்பசி.

“கீழ படுக்காதே,” என்றாள் லோகநாயகி. சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. “கீழ படுக்காதேடியம்மா. தண்ணி ராத்திரியிலதான் வரும். சத்தமே போடாது. பாய் நனைஞ்சப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

“வாசல் வரைக்கும்தான்னு சொன்னீங்களே?”

லோகநாயகி தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். “இவ்வளவு வரும். புரட்டாசிக்குள்ள வேற இடம் பாத்துக்கோ.”

ஹில்டா சுவரருகில் போனாள். முழங்கால் உயரத்தில் விரலால் தேய்த்தாள். விரலில் வெள்ளைதான் வந்தது. திரும்பி, பால் டம்ளரைப் பிடித்திருந்த அந்த உரிந்த கைகளைப் பார்த்தாள். மஞ்சள் எண்ணெய் தடவி மறைக்கப் பார்த்திருந்த கைகள்.

“நீங்களா அடிச்சீங்க?”

லோகநாயகி தலையை மட்டும் அசைத்தாள்.

“பணத்தைக் குடுத்திடுங்க ஆன்ட்டி. சாமானை இறக்க வேணாம்னு சொல்லிடறேன். அது எங்கம்மா சங்கிலியை அடகு வச்ச பணம்.”

“தரமாட்டேன்,” என்றாள் லோகநாயகி. “தரமுடியாதும்மா. அவருக்கு இருக்கறது ஒரே கண்ணு. என் காலைக் கட்டிண்டு அழு, தெருவில இழுத்துப்போட்டு அடி, தரமாட்டேன்.” பால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

வெளியே கட்டை பீரோவை இறக்கும் சத்தம் கேட்டது. மெதுவா சார், மெதுவா, என்று முனிரத்தினம் கத்தினார்.

ஹில்டா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அதை லோகநாயகியால் தாங்க முடியவில்லை.

“அப்ப எங்க அட்வான்ஸை நாங்க எப்படி வாங்கறது?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் அது. லோகநாயகி நிலைப்படிவரை போய் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“சுண்ணாம்பு மட்டையைக் கழுவிப் பரண்மேல வச்சிருக்கேன். மூணு பூச்சு அடிக்கணும்.”

சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.