எட்டாவது கணினிக்கு அடையாள அட்டை இல்லை

செங்கலடிச் சந்திக்குக் கிட்ட இருந்த ஒரு விவசாய உதவி அலுவலகத்தில் அழகரத்தினம்தான் கணினிக்காரன். ஆறு மாதக் கோர்ஸ் படித்துவிட்டு வந்து, ஆறு மாதமாகத் தற்காலிக ஊழியனாக இருந்தான். 2006ஆம் ஆண்டு, மாரிமழை தொடங்கிய வாரம், கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சீடியும் ஒரு கடிதமும் வந்தன. சீடியில் இருந்த ஸ்கேனரை ஓடவிட்டு, எந்தக் கணினி எந்தச் சேவையைத் திறந்துபோட்டிருக்கிறது, வெளியாள் புகுவதற்கு எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் அடைத்து, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். சரியாகச் செய்தால் நிரந்தர நியமனம். ஓட்டை ஒன்று மிஞ்சினாலும் வீட்டுக்குப் போகலாம். நியமனம் வந்தபின் போடுவதற்கென்று புதுக் கையெழுத்து ஒன்றை அவன் ஏற்கனவே பழகி வைத்திருந்தான்.

ஸ்கேன் என்றால் மாயவித்தை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கணினியாகக் கதவைத் தட்டி, நீ யார், என்ன வைத்திருக்கிறாய், பூட்டு இருக்கிறதா என்று கேட்பதுதான். நல்ல கணினி வாயைத் திறக்காது. அலுவலகத்தில் இருந்த ஏழு கணினிகளையும் செவ்வாய்க்கிழமைக்குள் வாயடைக்கப் பண்ணினான். பிறகு கடைசியாக ஒருமுறை ஓடவிட்டபோது எட்டாவதாக ஒன்று பதில் சொன்னது.

சொன்னது என்றால் சாதாரணமாகவா? தன் பெயர், வயது, வயிற்றில் கிடக்கும் கோப்புகள் அத்தனையும் கேட்காமலே ஒப்புவித்தது. கடவுச்சொல் கிடையாது. அந்த யுத்த காலத்தில் மட்டக்களப்பில் ஒருவரிடம் மணி எத்தனை என்று கேட்டாலே முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் தெரியாது என்பார்கள். இந்த ஊரில் இப்படியும் ஒரு வெகுளியா என்று அழகரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலுவலகப் பதிவில் இருப்பதோ ஏழே ஏழு. அவன் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனான். அங்கேதான் காரியம் பிசகியது. பட்டியலும் கையுமாக ஒருவன் வந்து, இங்கே பதியாமல் எட்டாவதாக ஒன்று இருக்கிறது, எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், அந்த ஊர்ச் சனம் என்ன செய்யும்? ஆமி ஊரை வளைத்து ஆட்களைத் தேடும் சுற்றிவளைப்பு எத்தனையில் பழகிய சனம். மனேஜர் நல்லரத்தினம் தன்னையறியாமல் சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஓட்டமாவடிக்காரரான சாரதி அப்துல் கபூர் எழுந்து வரிசையில் நிற்பதுபோல் நின்றார். எல்லாரும் தெரியாது என்றார்கள். என்ன கேட்கிறான் என்பதை ஒருவரும் காதில் வாங்கவே இல்லை.

தேநீர் போடும் சின்னத்தங்கமும் தெரியாது என்றாள். களஞ்சிய அறை வாசலில் சுளகோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், அவன் உள்ளே எட்டிப் பார்த்தபோது சற்று அகலமாக உட்கார்ந்துகொண்டாள். புதன் முழுக்க அதே அரிசியில் அதே கல்லைப் பொறுக்கினாள். அது அவனுக்கு வித்தியாசமாகப் படவில்லை.

வியாழன் மத்தியானம்தான் அவனுக்கு மூளை வேலை செய்தது. கணினி என்றால் வயர் இருக்குமே. முதல் நாளே இதை யோசித்திருக்கலாம், ஆனால் அவன் படித்த கோர்ஸ் ஆறு மாதந்தானே. கதிரைமேல் ஏறி, வயரைப் பிடித்துக்கொண்டே சீலிங் வழியாகப் போனால், அது களஞ்சிய அறைக்குள் இறங்கி, யூரியாச் சாக்குகளுக்குப் பின்னால் முடிந்தது. அங்கே எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் நிறுத்த மறந்துபோன பழைய சேர்வர் கணகணவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையில் வைக்கோல். வைக்கோலில் ஒன்பது முட்டை.

சின்னத்தங்கம் வழியை மறித்து நின்றாள். அடைகிடந்த கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டதாம். இந்தப் பெட்டியின் சூடு கோழியின் வயிற்றுச் சூடு மாதிரியே இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு நாள் முடிகிறதாம்.

"இதப் புடிச்சுக் குடுக்கப் போறீங்களா தம்பி?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அழகரத்தினம் குனிந்து நெட்வேர்க் வயரை மட்டும் கழற்றினான். மின்சாரத்தில் கை வைக்கவில்லை. எட்டாவது கணினியும் ஊரோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டது, முட்டைகளும் சூட்டோடு இருந்தன. வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. ஞாயிற்றுக்கிழமை ஏழு குஞ்சு வெளியே வந்தது.

திங்கட்கிழமை அவன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது சின்னத்தங்கம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"கொழும்பிலருந்து ஒராள் போன் எடுத்தான் தம்பி. உங்கட முழு விபரமும் கேட்டான். அழகரத்தினம் அங்க வேலை செய்யிறாரா, எந்த ஊர், தகப்பன்ட பேர் என்ன எண்டு. நான் ஒண்டும் குடுக்கல்ல. அப்பிடி ஒராள் இஞ்ச இருந்ததே இல்ல எண்டு சொல்லிப்போட்டன்."

அவன் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். நியமனக் கடிதத்துக்குத்தான் விபரம் கேட்டிருக்கிறார்கள். கத்த வேண்டும்போல் வந்தது, ஆனால் கத்த முடியவில்லை. துவக்கை நீட்டி மிரட்டிக் கேட்டிருந்தாலும் இவள் இதையேதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்ததும் கோபம் வடிந்துவிட்டது. அவனுக்காக இதுவரை யாரும் இப்படி நின்றதில்லை.

பின்னேரம் கொழும்பிலிருந்து பெக்ஸில் கடிதம் வந்தது. அப்படி ஒருவர் இல்லையாதலால் பதவி வெற்றிடமாக உள்ளது, உடனே விண்ணப்பம் கோரவும். அழகரத்தினம் தன் வேலைக்குத் தானே விண்ணப்பம் எழுதினான். அவனை ஆறு மாதமாவது தெரிந்த ஒருவர் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கத்தோடு கையொப்பமிட வேண்டும் என்று படிவத்தின் அடியில் இருந்தது. மனேஜருக்கு ஏறாவூரில் ஒரு கூட்டம் ஞாபகம் வந்தது. அப்துல் கபூர் வாகனம் கழுவப் போனார். குற்றம் சொல்லவும் முடியாது. ஒருவனைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு யார் நிம்மதியாகத் தூங்குவது?

சின்னத்தங்கம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினாள். இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று எழுதினாள். பெயர் போட்டாள், விலாசம் போட்டாள், அடையாள அட்டையை எடுத்து வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து எழுதினாள். கடைசி இலக்கம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

"இதில மட்டுந்தான் எழுதித் தாறன்," என்று பேனையைத் திருப்பிக் கொடுத்தாள். "வேற ஆரும் வந்து கேட்டா உங்களத் தெரியாதெண்டுதான் சொல்லுவன். கோவிக்கப்படாது தம்பி."