நடக்க நடக்க அமுங்கிரும்

என் வீட்டுக்காரர் ஜமால் முகமது யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியது கிடையாது. காலைத்தான் பார்ப்பார். ராஜபாளையத்தில் செருப்புக்கடை வைத்திருந்த அவருக்கு, காலில் கிடப்பதைக் கொண்டே ஆளை எடைபோட்டுவிடலாம் என்று நினைப்பு. தோல் ஷூ வந்தால் நாற்காலி போடுவார். தேய்ந்த ஹவாய் வந்தால் படியிலேயே நிற்கவைப்பார். வாங்கிப்போன செருப்பில் ஆணி குத்துகிறது என்று யாராவது திரும்பி வந்தால் ஒரே பதில்தான்.

"நடக்க நடக்க அமுங்கிரும், போங்க."

செருப்பைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஒருமுறை சோழபுரத்திலிருந்து சோணைமுத்து என்று ஒருவர் மகளுக்குச் செருப்பு வாங்க வந்தார். அவர் காலில் பின்வார் வைத்த கறுப்பு ரப்பர் செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள், தொழுநோய் ஆஸ்பத்திரியில் கொடுப்பது. அதைக் கண்டதும் இவர் அந்த மனிதரைத் தெருவிலேயே நிறுத்தி, மகளுக்குக் கேட்ட செருப்பைக் கடைக்குள்ளிருந்தே வீசினார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க இவருக்கு ஏது பொறுமை. தூக்குவாளியோடு கடைக்குள் நின்ற எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

அப்பேர்ப்பட்டவருக்குச் சர்க்கரை வந்தது. சில வருஷத்தில் பாதம் மரத்தது. வலது பெருவிரலுக்கு அடியில் புண் வந்தது அவருக்குத் தெரியவில்லை; வீச்சம் எனக்குத் தெரிந்தது. மதுரை டாக்டர் கட்டுப்போட்டு ஆற்றிவிட்டு, ஒரு சோடிச் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே கறுப்பு ரப்பர்.

"ஒங்களுக்கும் இதுதான். மெத்துனு இருக்கும், பாதத்துல அழுத்தம் விழாது. கழண்டு போனாலும் தெரியாதுங்கிறதுக்குத்தான் பின்வாரு. எதைப் போட்டாலும் உள்ள கையை விட்டுத் தடவிப் பாத்துட்டுப் போடுங்க. இன்னொரு தடவை புண்ணு வந்தா விரலை எடுக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் அதைப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"இதப் போட்டுட்டுக் கல்லாவுல உக்காந்தா எவன் படியேறுவான்? மாஜிதாவுக்கு மாப்பிள்ள வருமா? பெருவியாதிக்காரன் மகள்னு பேசுவானுவ."

"விரல் போனா மட்டும் பேசமாட்டாவளா?" என்றேன்.

"ஏட்டி, செருப்பப் பத்தி எனக்கே சொல்லித் தாரியா?"

முட்டாள்தனத்துக்குக் கடை வைத்தால் அதிலும் இவர்தான் முதலாளி.

மாஜிதாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஹுமாயூன், பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவைப் பார்த்ததிலிருந்து பிள்ளைக்கு அடுப்பில் வைத்த பால் பொங்குவதுகூடத் தெரியவில்லை. இது நல்லபடியாக முடியவேண்டுமே என்று எனக்கு ஒரே பதைப்பு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் புறப்பட்ட அன்று இவர் கடையிலிருந்து கூர்மூக்கு ஷூ ஒன்றைப் புதிதாக எடுத்து மாட்டினார். வெள்ளை சாக்ஸ் வேறு.

"உள்ள கைய விட்டுப் பாத்தீயளா?"

"கம்பெனி ஷூ. பேசாம வா."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரிக்‌ஷா வேண்டாம் என்றார். கடைவீதி முழுக்க நடந்தே போனோம். ஷூவை ஊர் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றியவர் அப்படியே நின்றார். அங்கே ஒரு சோடிக் கறுப்பு ரப்பர் செருப்பு, பின்வாரோடு.

"ஏட்டி, இந்த வீட்டுல அந்த வியாதிக்காரன் இருக்கான். செத்த நேரம் உக்காந்துட்டுக் கெளம்பிருவோம். சம்பந்தம் வேண்டாம்" என்று என் காதில் சொன்னார்.

எனக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது. பிள்ளையின் முகம் கண்ணில் வந்து நின்றது.

கூடத்தில் வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். இவர் போய் நடுவில் உட்கார்ந்தார். நான் பெண்களோடு உள்வாசலில் நின்றேன். மாப்பிள்ளையின் தகப்பனார் சேக் முகைதீனிடம் இவர் ரொம்ப நாசூக்காக ஆரம்பித்தார்.

"வீட்டுல யாருக்கும் ஒடம்புக்குச் சொகமில்லையோ? வாசல்ல செருப்பப் பாத்தேன்."

"எனக்குத்தான். சர்க்கர. காலு மரத்துப்போச்சு" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "ஒங்க கால்ல என்ன, ரத்தம்?"

வாசலிலிருந்து இவர் உட்கார்ந்த இடம்வரை விரிப்பில் சிவப்புச் சிவப்பாகத் தடம். கூடத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நடந்து வந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

சேக் முகைதீன் எழுந்துபோய் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவினார்.

"ஆணி நீட்டிட்டு நிக்கி. இதோடயா நடந்து வந்தீய?"

"நடக்க நடக்க அமுங்கிரும்" என்றேன் நான், உள்வாசலில் இருந்தே.

அங்கே வேறு யாருக்கும் அது விளங்கவில்லை. விளங்கவேண்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். சேக் முகைதீன் புண்ணைக் கழுவித் துணி சுற்றி, வாசலில் கிடந்த தன் செருப்பையே அவர் காலில் போட்டு வாரை மாட்டிவிட்டார். ஷூவை எடுக்க விடவில்லை.

சம்பந்தம் முடிந்தது. நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அதற்கு முன்பே மதுரையில் இவர் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அன்று திரும்பி வந்த பஸ்தான்.

நல்ல கூட்டம். நான் பெண்கள் சீட்டில். எதிரே இவர், பக்கத்தில் ஒரு வேட்டிக்காரர். அவர் குனிந்து இவர் காலைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து கம்பியைப் பிடித்து நின்றார்.

"சுகருங்க. இது சுகருக்குப் போடுறது" என்றார் இவர். அந்த ஆள் திரும்பவே இல்லை. நின்றவர்களைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. காலைச் சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சோணைமுத்துவும் அன்றைக்கு இதைத்தான் சொல்ல வாயெடுத்தாரோ என்னவோ. அவருக்கு அந்த வியாதியாகவே இருந்தாலும்தான் என்ன? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தனை பேர் நின்றுகொண்டு வந்தார்கள். ராஜபாளையம் வரும்வரை அவர் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது.