கனமான சொற்கள்

தென்கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்து வழக்கம் இது: மாணவரை வெளியாரிடம் அறிமுகப்படுத்த வேண்டுமென்றால், புகழுரையை மாணவரே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பேராசிரியர் வாசிப்பார். அவ்வளவுதான் அவர் உழைப்பு.

ஸ்காட்லாந்திலிருந்து டாக்டர் பெயர்ட் வந்திருந்தார். தன் கூடத்துக்கு எங்களில் ஒருவரை எடுக்கப் போகிறார். அந்த இடம் எனக்கு வேண்டும். நான் சிக்கனமானவள், உறுதியானவள் என்று எளிய ஆங்கிலத்தில் எழுதிப் பேராசிரியர் பியோவிடம் நீட்டினேன்.

"என்ன சோயுல், எல்லாம் ஸ்கூல் பசங்க வார்த்தை! என் மானத்த வாங்குறியா?" இரண்டையும் அடித்துவிட்டு 'பார்சிமோனியஸ்', 'ஆப்ஸ்டினட்' என்று எழுதினார்.

"சார், அது கஞ்சம்னு ஆயிடும். இது பிடிவாதக்காரின்னு..."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. இங்கிலீஷ் பரீட்சைல நான் எவ்வளவு வாங்கினேன் தெரியும்ல?"

தெரியும். மறக்க விட்டால்தானே?

இந்த மடமை உருவாகும் விதம் சுவையானது. பரீட்சைப் புத்தகத்தில் ஒத்த சொற்கள் ஒரே வரியில், நடுவே சமக்குறியோடு நிற்கும். காசை இறுக்கிப் பிடிப்பவன் என்ற வரையில் எல்லாம் சரி. அவனை ஊர் மெச்சுகிறதா, ஏசுகிறதா என்பது அந்த வரியில் இருக்காது. அரிய சொல் தெரிந்தவன் மேதை. எனவே தர்பூசணி வாங்குவதுபோல் இவர் கனமாகப் பார்த்துச் சொல் பொறுக்குவார்.

மதியம் நூடுல்ஸ் கடையில் எழுந்து நின்று வாசித்தார். நான் கஞ்சப் பிசினாறியாம், பிடிவாதக்காரியாம். இந்தக் குணங்களுக்காகத் துறை முழுக்கப் பேர் நாறியவளாம். கடைசியாகச் சொன்ன 'நொட்டோரியஸ்', புகழ்பெற்றவள் என்று நினைத்து அவரே போட்ட கொசுறு.

நூடுல்ஸை எடுத்த பெயர்டின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. "நெசமாவாம்மா?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

விருந்தாளி முன் பேராசிரியரைத் திருத்தினால் எனக்குப் பட்டம் கிடைக்காது. ஆனால் பியோவுக்கு ஆங்கிலம் கண்ணில்தான் ஏறும், காதில் ஏறாது. சிரித்த முகத்தோடு, சமக்குறி முதல் தர்பூசணி வரை, வேகமாக ஆங்கிலத்தில் விளக்கினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் பியோ பெருமையாகத் தலையாட்டினார்.

பெயர்ட் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப, அவரு சொல்ல நெனச்ச பொண்ணு யாரு?"

"ஒரு சொட்டு மருந்தக்கூட வீணாக்காதவ. எடுத்தத முடிக்காம விடாதவ."

"செப்டம்பர்ல வந்துடு."

வெளியே வந்ததும் பியோ என் தோளைத் தட்டினார். "பாத்தியா? உன் வார்த்தைய வாசிச்சிருந்தா அந்தாளு சூப்பக் குடிச்சிட்டுக் கெளம்பியிருப்பான். நான் போட்டதுதான் வேலை செஞ்சிது."

"ஆமா சார்," என்று குனிந்து வணங்கினேன்.

யாருக்கும் எதையும் விளக்கச் சலிக்காதவள் நான். அவருக்கு மட்டும் விளக்கவில்லை.