லோக்குவித்தூர் என்றால் பேசுகிறாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை.

சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் சேரப்போகும் பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் நான். போன மாதம் அவர்களுக்காக ஒரு வினைச்சொல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். 'லோக்குவொர்': பேசுகிறேன். 'லோக்குவித்தூர்': பேசுகிறான், பேசுகிறாள். விசித்திரமான வினை இது. பார்த்தால் 'பேசப்படுகிறேன்' என்பது போல இருக்கும். பொருள் என்னவோ 'பேசுகிறேன்' என்பதுதான். அடுத்தது 'தீக்கொ': சொல்கிறேன். பேசுவதற்கும் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஓர் உதாரணம் வேண்டியிருந்தது.

என் அப்பாவைத் தவிர வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. அவர் செத்து ஒரு வருஷமாகிறது.

2

எழுதிப்பார்த்த ஆரம்பங்கள்:

'1931ஆம் வருஷம் தை மாதம், வில்லியனூருக்குத் தெற்கே அறுவடை முடிந்த வயல்களில் பனி…' (பனிக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.)

'யாகப்பன் கெட்டவரல்ல.' (மகன் எழுதுகிற வாக்கியம். அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்கிறேன். என் அப்பா யாகப்பன் நான்கு வருஷம் குருமடத்தில் படித்தார். நெஞ்சுச்சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொண்டு ஊர்க் கோவிலில் சாமியாருக்கு உதவியாக, உபதேசியாராக இருந்தார். அவருக்குப் பிரெஞ்சு வராது. அப்போது பிரான்சிலிருந்து புதிதாக வந்திருந்த சாமியாருக்குத் தமிழ் வராது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது லத்தீன் ஒன்றுதான். ரசத்தில் உப்பு போதவில்லை என்பதைக்கூட அவர்கள் லத்தீனில்தான் பேசிக்கொண்டார்கள். ஊரில் யார் எதைச் சொன்னாலும் அது என் அப்பா வாய் வழியாகத்தான் சாமியார் காதுக்குப் போகும்.

அன்னாமேரிக்குப் பத்தொன்பது வயது. சேரிப் பெண். கோவிலுக்குள் இடுப்புயரச் சுவர் ஒன்று இருந்தது; அதற்கு அந்தப் பக்கம் நின்று பூசை பார்க்கிறவள். நடவுக்கும் களைக்கும் அவள் போனது செபாஸ்டின் வீட்டு நிலத்துக்கு. செபாஸ்டின் அந்த வீட்டு மூத்த மகன். எங்கள் வீடு நின்ற மனையும் அவர்களுடையதுதான்.

3

செபாஸ்டினுக்கு நெட்டப்பாக்கத்துப் பக்கம் பெண் பார்த்து முடித்தார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். 'இதற்குத் தடை அறிந்தவர்கள் வந்து சொல்லக்கடவார்கள்' என்று முடியும் அந்த ஓலை. சாமியாருக்குப் பதிலாக வாசித்தவர் அப்பாதான்.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்து, அன்னாமேரி சாமியார் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"சாமி, அந்த ஓலைக்கித் தட நாந்தான். ஒன்னியே கட்டிக்கிறன்னு மாதா மேல சத்தியம் பண்ணாரு சாமி. எனக்கு நாலு மாசம். சொல்லச் சொன்னீங்க, வந்து சொல்றன்."

(இந்த வார்த்தைகள் என்னுடையவை. இதைவிட அதிகமாக, ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் அவள் நின்றபடியே சொன்னாள் என்று அப்பா என்னிடம் கூறினார். என்ன சொன்னாள் என்பதில் நாலு மாசத்தையும் மாதாவையும் தவிர எதையும் அவர் எனக்குத் தரவில்லை.)

சாமியார் அப்பாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "குவித் தீச்சித்?" என்ன சொல்கிறாள்?

அப்பா சொன்னார்: "லோக்குவித்தூர், பாத்தெர்." பேசுகிறாள், சாமி.

சாமியாருக்குத் திருப்தியில்லை. மறுபடியும் கேட்டார். "முல்த்தா லோக்குவித்தூர்" என்றார் அப்பா. ஏதேதோ பேசுகிறாள்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவள் பேசத்தான் செய்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டவரிடம் பேசுகிறாள் என்று பதில் சொன்னால், அவள் சொன்னது ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. அதற்கு ஒரு வினைச்சொல் போதும். நான்கு வருஷம் படித்த படிப்பு.

ஏதோ வீட்டுத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார் சாமியார். சின்ன மாதா சுரூபம் ஒன்றை அவள் கையில் வைத்து, தலையில் சிலுவை வரைந்தார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்ததாம்.

"சாமிக்குப் புரிஞ்சிச்சா, ஒபதேசியாரே?"

"புரிஞ்சிச்சி. வூட்டுக்குப் போ புள்ள."

இது பொய். தமிழில் சொன்னது.

4

கல்யாணம் புதன்கிழமை. அன்னாமேரி குளித்து, எண்ணெய் வைத்து வாரி, அம்மா காசம்மாளோடு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். சாமியார் நிறுத்திவிடுவார் என்று நம்பி வந்திருந்தாள்.

சாமியார் லத்தீனில் கேட்டார். அப்பா தமிழில் கேட்டார். செபாஸ்டின் "சம்மதம்" என்றான். மோதிரத்தை மந்திரிக்கத் திரும்பியபோது சாமியார் அவளைப் பார்த்தார். சுரூபம் கொடுத்த பெண் என்று அடையாளம் தெரிந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மீது சந்தேகம் வந்தது. ஏன் கத்தவில்லை? ஒரு பிரதியில் கத்த வைத்தேன்: "நிறுத்துங்க சாமி, இந்தக் கண்ணாலம்…" கூட்டம் திரும்புகிறது, பெண் வீட்டார் எழுந்து… இல்லை. கிழித்துப் போட்டேன். அப்படிக் கத்தியிருந்தால் அவளைச் சுவருக்கு வெளியே இழுத்துப்போய் என்ன செய்திருப்பார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது மட்டுமில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. சாமியாரும் கேட்டுக்கொண்டார். கேட்டும் சிரிக்கிறார் என்றால் அதற்குமேல் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே போய்விட்டாள். அடுத்த வாரம் குருவிநத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஆனி மாதம் ஆண் குழந்தை பிறந்தது.

5

சாமியார் தமிழ் கற்றுக்கொண்டார். அப்பாவிடமல்ல. சேரியில், சந்தையில், வண்டிக்காரர்களிடம். இரண்டு வருஷத்தில் ஊர்க்காரர் மாதிரியே பேசினார்.

ஒருநாள் தெருவில் காசம்மாள் அவரை நிறுத்திக் கேட்டாள். "எம் பொண்ணு வந்து அவ்ளோ சொல்லிச்சே சாமி. கேட்டுகினு ஏன் சும்மா இருந்தீங்க?"

அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாகப்பா, அன்னிக்கி அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?"

அப்பா எழுந்து நின்று, எச்சில் கையோடு, லத்தீனில் ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லு" என்றார் சாமியார்.

சொன்னார். சாமியார் எதுவும் திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டி கட்டச் சொல்லி, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு குருவிநத்தத்துக்குப் போனார்.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. அன்னாமேரி கரும்புக்கட்டு தூக்கத் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை காய்ந்த கரும்புச் சோகைமேல் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

"சொல்லும்மா. இப்ப எனக்குத் தமிழ் தெரியும்" என்றார் சாமியார்.

"நான் அன்னிக்கே சொல்லிட்டன் சாமி."

"எனக்குப் புரியலம்மா அன்னிக்கி."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"வெய்யில் ஏறுது. வழி வுடுங்க சாமி."

கரும்புக்கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். கட்டிய கல்யாணத்தை அவிழ்க்க முடியாது. சாமியாரை அடுத்த வருஷம் வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்பா உபதேசியாராகவே இருந்தார், ஒவ்வொரு தை மாதமும் ஓலை வாசித்தார். சாகிற வாரத்தில் இதை என்னிடம் கூறிவிட்டு, "நான் பொய்யா ஒண்ணுமே சொல்லலடா" என்றார். கஞ்சி கொடுத்தேன்.

6

முடிவுகள். அவள் மன்னித்தாள் என்று ஒன்று எழுதினேன். மன்னிப்பு வேண்டியிருந்தது எனக்குத்தான், அவளுக்கல்ல. செபாஸ்டின் நொடித்துப்போனான் என்று ஒன்று. அவன் நன்றாகத்தான் இருக்கிறான், கோவிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்தான்.

ஆகவே போன சனிக்கிழமை குருவிநத்தத்துக்குப் போனேன். அவள் அன்று சொன்னதை அவள் வாயாலேயே கேட்டு, மேலே மூன்றாம் பகுதியில் நான் இட்டுக்கட்டியதை எடுத்துவிட்டு எழுதலாம் என்று. (கதைக்காகத்தான் போனேன். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

முப்பத்தாறு வயதுக்கு நிறைய நரை. வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரு? இன்னா வோணும்?"

"யாகப்பன் மவன்."

கீரையை உருவும் கை நிற்கவில்லை. "செத்துட்டாராமே."

"ஆமா."

"சொல்லு, இன்னா சேதி?"

நான் பேசினேன். ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றி, கரும்பு விளைச்சலைப் பற்றி, விடுதலைப் போராட்டத்தைப் பற்றி, அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி. கிட்டத்தட்ட ஒரு செபமாலை நேரம். கீரை முடிந்தது. வெறும் காம்புகளைச் சேர்த்து ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பேசி முடிச்சிட்டியா, தம்பி?"

அடுத்த வரி நான் சொல்ல வேண்டியது. ஒரு வாரமாக எழுதி எழுதி அடிக்கிறேன். 'நீங்கள் அன்று…' 'என் அப்பா உங்களை…' உங்களிடம் அந்த வரி இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். ஆனால் எழுதிவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். குருவிநத்தம் ஆற்றங்கரைத் தெருவில், கிழக்கே மூன்றாம் வீடு. போய் அவளிடம் சொல்லுங்கள்.