வாஸ்லின் தடவாத பிரேம்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. கார் ஷெட் ஒன்றின் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஒருத்தி, "நீங்க தடவலையா?" என்று கேட்டாள். "நீ தடவலையா?" என்றாள் மற்றவள். அப்புறம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மழை ஓய்ந்த மாலையில், பழைய டாக்சி ஒன்று மெல்ல..." வேண்டாம். மழைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2

நேராகவே சொல்கிறேன். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து பழைய கார்களின் டாஷ்போர்டு சாமான்களை அச்செடுத்து வார்க்கிறார்கள். டாக்சிக்காரர் ஒருவர் தன் வண்டியின் மீட்டர் பிரேமைக் கழற்றிக் கொடுத்திருந்தார். விரிசல் விட்டது, ஆனால் அளவெடுக்க அது ஒன்றுதான் மிச்சம். அந்த மாடல் வண்டி செய்வதையே கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. பிரேம் இல்லாமல் மீட்டர் நிற்காது. மீட்டர் இல்லாமல் டாக்சி ரோட்டில் இறங்காது.

பிரேமைச் சுற்றித் திரவ ரப்பரை ஊற்றி எடுக்கும் அச்சுக்கு இரண்டு பாதி. கீழ்ப்பாதி ரப்பர் இறுகியதும், அதன்மேல் வாஸ்லின் தடவிவிட்டுத்தான் மேல்பாதியை ஊற்ற வேண்டும். (தடவாவிட்டால் ரப்பரும் ரப்பரும் ஒன்றாகிவிடும். இந்தக் கதைக்குத் தேவையான விஞ்ஞானம் இவ்வளவுதான்.)

தடவவில்லை. பிரேம் உள்ளே; சுற்றிலும் வாயே இல்லாத ரப்பர் கட்டி.

3

நாத்தனார் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அண்ணி பள்ளியோடு நின்றவள். அண்ணிதான் மறந்தாள் என்று முதலில் எழுதினேன். கை தானாக அந்தப் பக்கம் போனது. எங்கள் வீட்டிலும் நான்தான் முதல் பட்டம். அதற்குள் கைக்கு இந்தத் திமிர் எங்கிருந்து... அடித்துவிட்டேன். பிறகு, படித்தவள் மறந்தாள் என்று மாற்றினேன். அப்படி எழுதினால் பட்டம் வாங்கியவர்களே தலையாட்டிப் பாராட்டுவார்கள். அதுவும் பொய்.

இருவருமே தடவவில்லை. மற்றவள் தடவியிருப்பாள் என்று இருவரும் நம்பினார்கள்.

"அறுத்துப் பாப்போமா அண்ணி?"

"அறுக்கலாம். காஞ்சு கெடக்குற பிளாஸ்டிக். கத்தி பட்டா பொடிப்பொடியாயிடும்."

"அவர்கிட்ட என்ன சொல்றது?"

"நீதானே படிச்சவ. இங்கிலீஷ்ல ஏதாவது சொல்லு. புரியலன்னா கோவப்பட மாட்டாரு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் இன்னும் பயமாக இருந்தது.

4

டாக்சிக்காரர் வந்தார்.

"ஆச்சா தங்கச்சி?"

"இதுக்குள்ள இருக்குண்ணே," என்றாள் நாத்தனார். "நடுவுல வாஸ்லின் தடவணும். தடவல. ரெண்டு பேருமே."

அவர் கட்டியைத் தூக்கினார். அழுத்தினார். காதருகே வைத்துக் குலுக்கினார்.

"வேற பண்ண முடியாதா?"

"இது உடைஞ்சா அளவே இல்லண்ணே."

(இங்கே அவரைக் கத்தவிட்டிருந்தேன். நன்றாகவே கத்தினார். கிழித்துப் போட்டேன். அவர் கத்தினால் இவர்களுக்கு நிம்மதியாகிவிடும்; அந்த நிம்மதியை எதற்குத் தர வேண்டும்?)

அவர் மேஜைமேல் இருந்த கத்தியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"குடும்மா. உடைஞ்சா என் கையால உடையட்டும். உங்க மேல பழி வேணாம்."

அண்ணி கத்தியை எடுத்து நீட்டவே போனாள். நாத்தனார் வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கண்ணே."

5

ஒரு முடிவில் பிரேம் முழுசாக வெளியே வருகிறது. இன்னொன்றில் நடுவில் விண்டு, அவர் மடியில்... முடிக்க மனசு வரவில்லை.

இரண்டையும் நான் தரப்போவதில்லை. அண்ணி கட்டியை அசையாமல் பிடித்திருக்கிறாள். நாத்தனார் முதல் கீறலைப் போட்டுவிட்டாள். மிச்சத்தை நீங்கள் அறுங்கள். முழுசாக எடுத்தாலும் சரி, உடைத்தாலும் சரி. கத்தியை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர் வாங்கிக்கொள்வார், பழியையும் சேர்த்து.