நாலு பத்துக்குப் பேசும் குரல்

கதவுகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. ஆனாலும் சரியாக மாலை நாலு பத்துக்கு அந்த வார்ப்பு இயந்திரம் தானாக நின்றது. அதன் உச்சியிலிருந்த ஒலிபெருக்கி, செத்துப்போன ஒரு பெண்ணின் குரலில், கதவைச் சாத்தச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டது. மூன்று வாரமாக இதே கதை. மழை மூட்டமாக இருந்த செவ்வாய்க்கிழமை மட்டும் அது வாயைத் திறக்கவில்லை.

"சாராளு, உன் பிரெண்டு வந்துட்ச்சி. இன்னா வோணும்னு கேளு," என்றான் இயந்திரத்தை ஓட்டும் பூபாலன்.

"வாய மூடுறா." சாராள் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள்.

குரல் வென் லியுடையது. செங்கல்பட்டை ஒட்டிய இந்த பிளாஸ்டிக் ஆலையில் இயந்திரங்களை நிறுவ எட்டு வருடத்துக்கு முன் சீனாவிலிருந்து வந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது; இங்கே யாருக்கும் சீனம் தெரியாது. நடுவில் ஆங்கிலம் இருந்தது. அந்த ஆங்கிலத்துக்காகத்தான் சாராளுக்கு வேலையே கிடைத்தது. ஞாயிறுகளில் இருவரும் ஸ்கூட்டியில் மாமல்லபுரம் போவார்கள். ஆலை இரைச்சலில் இயந்திரம் சொல்லவேண்டிய எச்சரிக்கை வாக்கியங்களைப் பதிய முடியாமல், அங்கே கடலோர விடுதி அறை ஒன்றில் வைத்துப் பதிந்தாள் வென் லி. அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அலை உடைவது கேட்கும். சாராள் எவ்வளவு திருத்தியும் அவள் உச்சரிப்பு மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. ஊர் திரும்பிய மறுவருடம் அவள் நோயில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

இப்போது வந்திருக்கும் இளம் எஞ்சினியர் காவோவும் பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவன்தான், தேர்வுக்காக. பேசத் தேவையே வந்ததில்லை. கைபேசியிடம் சீனத்தில் சொல்வான். அது தமிழில் சொல்லும். இடையில் ஆங்கிலம் இல்லை, சாராளும் இல்லை. அவளை லேபிள் ஒட்டும் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் காவோ அவளிடம் கைபேசியை நீட்டினான்.

"மதிப்பிற்குரிய சகோதரி," என்றது அது. "பழுது கண்டறியப்படவில்லை. நாளை காலை பழைய மின்பலகை அகற்றப்படும். புதியது தமிழில் உரையாடும்."

"சகோதரியாம்! பத்திரிகை வெக்க வந்த மாதிரி பேசுது," என்று பூபாலன் சிரித்தான்.

சாராளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தக் குரலு?"

காவோ உதட்டைப் பிதுக்கினான். "பலகையுடன் போய்விடும். அது யாருக்கும் தேவைப்படுவதில்லை."

"பழுது இன்னான்னே தெரியாம பலகைய எதுக்கு மாத்தணும்?"

"பலகையாக இருக்கலாம். முன்கதவை மூன்று முறை சோதித்துவிட்டேன்."

முன்கதவா? குரல் சொல்லும் வாக்கியத்தை இந்த மூன்று வாரத்தில் அவள் ஒருநாளும் முழுசாகக் கேட்டதில்லை.

நாலு பத்து. இயந்திரம் நின்றது. சாராள் வெளியே போகாமல் கைகளைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தருகே நின்றாள்.

"லெப்ட் பேக் டோர். ப்ளீஸ் க்ளோஸ்." அலை உடைந்தது. மறுபடியும்.

காவோவின் திரையில் எல்லாக் கதவுக்கும் ஒரே குறியீடுதான் வரும். எந்தக் கதவு என்று சொன்னது குரல் மட்டுமே. சாராள் இயந்திரத்தின் பின்பக்கம் ஓடினாள்.

இடது பின்கதவு மூடியிருந்தது. அதன் ஓரத்தில் எதிரெதிரே இரண்டு சின்னக் கண்கள். ஒன்று ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். கதவை மூடினால் அதிலுள்ள தகடு நடுவில் வந்து ஒளியை மறைக்கும். ஒளி வராவிட்டால் மூடியிருக்கிறது, வந்தால் திறந்திருக்கிறது. இயந்திரத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது தகடு நடுவில் இருந்தும், வாங்கும் கண் பளபளத்தது. சாராள் அண்ணாந்து பார்த்தாள். துருப்பிடித்த கூரைத் தகட்டை எடுத்துவிட்டு மூன்று வாரத்துக்கு முன் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தார்கள். சாய்ந்த வெயில் அதன் வழியே நேராக அந்தக் கண்ணுக்குள் இறங்கியது.

அவள் உள்ளங்கையை அந்தக் கண்ணுக்கு மேலே வெயிலை மறைத்துப் பிடித்தாள்.

"லெப்ட் பேக் டோர். ப்ளீஸ்" என்றதோடு குரல் நின்றுவிட்டது. கையை எடுத்து இன்னொரு முறை கேட்கத் தோன்றியது. எடுத்தாள். வென் லி திரும்பவும் கூப்பிட்டாள். மறுபடி மறைத்தாள்.

பின்னால் வந்து நின்ற பூபாலன் இப்போது சிரிக்கவில்லை. "அட்ட வெச்சி மறச்சிட்டா இனிமே அது பேசாதா?"

"பேசாது. உள்ளார கீது, போதும். அந்த டேப்ப எடு."

காவோ பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, புதுப் பலகை இருந்த பெட்டியை மூடி ஓரமாக வைத்தான்.

இடது பின்கதவின் ஒளிவாங்கும் கண்ணுக்கு மேலே, வெயில் விழாதபடி, நாலு விரல் அகலத்துக்கு அட்டை ஒட்டியபின் நாலு பத்துக்கு இயந்திரம் நிற்பதில்லை.