லெஜண்ட் பெட்டிக்கு அடியில் ஒரு ஊர்

ஸ்டெல்லாமேரிக்கு நாற்பத்தேழு வயது. கோவில்பட்டியில் உள்ள ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்காகப் பதினெட்டு வருஷமாகப் புதூர் பக்கத்து ஊர்களில் அலைந்தவர். எந்த ஊரணி எந்த மாசம் வற்றும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கம்ப்யூட்டர் மட்டும் பழக்கமில்லை. வரைபடம் போட்டுக்கொண்டிருந்த சத்யபிரியா வேலையை விட்டுப் போனதும், பொறுப்பாளர் ஜேம்ஸ்ராஜ் இவரிடம் வந்தார்.

“அக்கா, புதுசா ஆள் எடுக்க ஏலாது. நீங்களே படிச்சிருங்க. எந்தெந்த ஊருக்குத் தண்ணி வண்டி விடணும்னு இன்னும் பத்து நாள்ல கூட்டம் இருக்கு, அதுக்குப் படம் வேணும்.”

ஊர்ப் புள்ளிகளும் எல்லைக் கோடுகளும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றை ஒரு தாளில் அச்சடிக்கிற மாதிரி அமைப்பதுதான் வேலை. அதற்கு லேஅவுட் என்று தனி ஜன்னல். யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். படத்தை நகர்த்தப் போனால் அதைச் சுற்றியிருந்த சட்டம் நகர்ந்தது. இன்னொரு பொத்தானை அமுக்கினால் சட்டம் நின்றுவிட்டு, உள்ளே இருந்த புதூர் ஒன்றியம் தாளைவிட்டே ஓடியது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கண் எரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடியே வீடு போனார்.

ஒன்பதாம் நாள் ஒருவழியாகப் படம் முடிந்தது. மேலே தலைப்பு, ஓரத்தில் வடக்கு காட்டும் அம்பு, கீழே அளவுகோல். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் லெஜண்டை வலது மூலையில் வெள்ளைப் பெட்டியாக வைத்தார். அவர் கண்ணுக்கு அந்த இடம் காலியாகத்தான் தெரிந்தது.

கூட்டம் புதூரில் நடந்தது. படத்தைச் சுவரில் ஒட்டி, ஒன்றிய அதிகாரி வண்டிப் பாதையைக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முத்தையாகுடியிருப்பிலிருந்து வந்திருந்த வெயிலம்மாள் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

“இதுல எங்க ஊரு எங்கன இருக்கு?”

ஸ்டெல்லாமேரி தேடினார். லெஜண்ட் பெட்டி அந்த ஊர்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

“சார், பெட்டி மறைச்சிட்டு. முப்பத்தோரு வீடு உள்ள ஊரு. பேனாவால குறிச்சுத் தாரேன்.”

“பேனாக் குறிய வச்சு ஆர்டர் போட முடியாதும்மா. சரி பண்ணிக் கொண்டாங்க, பாப்போம்.”

வெளியே வந்ததும் வெயிலம்மாள் கேட்டாள்: “வருஷம் தவறாம எங்க ஊருக்கு வருத. நீயே எங்கள விட்டுட்டியே?”

ஸ்டெல்லாமேரி பஸ் ஏறி நேராக ஆபீசுக்குப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சட்டத்தை ஒடுக்கி, லெஜண்டைப் படத்துக்கு வெளியே தள்ளினார். பிறகு கையில் இருந்த ஊர்ப் பட்டியலை வைத்து அறுபத்திமூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இன்னொரு இடத்தில் ஒரு ஊரின் பெயர்மேல் பக்கத்து ஊரின் பெயர் ஏறிக் கிடந்தது. அதையும் விலக்கினார்.

மறுநாள் புதுப் படத்தோடு தானே புதூர் போனார். அதிகாரி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் முறை போனபோதுதான் கையெழுத்தானது. வண்டி முத்தையாகுடியிருப்புக்குப் போகும்போது கூட்டம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளும் அங்குள்ள பெண்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். வெயிலம்மாள் போன் செய்து, “வண்டி வந்துட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜேம்ஸ்ராஜ் அடுத்த வேலையோடு வந்தார். “ஓட்டப்பிடாரத்துக்கும் ஒண்ணு போடணும்க்கா.”

“போடுதேன். ஆனா பிரிண்ட் எடுக்கதுக்கு முந்தி ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ஆளுகிட்ட படத்தக் காட்டணும். அவிய பாத்து சரின்னு சொன்னாத்தான் வெளிய போகணும்.”

“நாள் ஆகுமேக்கா.”

“ஆகட்டும்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஸ்டெல்லாமேரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கழுத்து இன்னும் வலித்தது. புது லேஅவுட்டைத் திறந்து, ஓட்டப்பிடாரம் என்று தலைப்பை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கினார்.